மண்ணில் எழும் புரவி

நுழையும்முன்

கையளவு மண்பொம்மையைச் சிறுவரும் செய்துவிடுவர். ஆளைவிட உயர்ந்த குதிரையை மண்ணாலேயே நிறுத்துவது எளிதன்று. உயரம் கூடக்கூட மண்ணின் எடையே மண்ணுக்குப் பகையாகிறது. அப்பகையை வெல்லும் வழியைத் தமிழகத்து மண்கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்துள்ளனர். அவ்வழியை விளக்குகிறது இப்பாடம்.

நீர் கொணர்ந்த மண்

இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் சேத்தூர். இதன் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, அடிவாரத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. ஓடைநீர் சுமந்துவரும் நுண்மண் கண்மாயின் அடியில் படிகிறது. அங்குக் கிடைக்கும் வண்டல் உழவருக்கு உரமாகிறது. களிமண் குயவருக்கு முதலாகிறது.

விருதுநகர் மாவட்டத்திற்கு மண்கலை புதிதன்று. வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் திமிலுள்ள காளை உள்ளிட்ட சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டுள்ளன. அவை சிறியவை. மண்ணால் பேருருவம் சமைக்கும் கலையை, தென்மாவட்டங்களின் அய்யனார் கோவில்களில் நிற்கும் புரவிகளில் காணலாம். அய்யனார் ஊரையும் கண்மாயையும் காக்கும் தெய்வம் என்பது மக்களின் நம்பிக்கை. நீரைக் காக்கும் தெய்வத்திற்கு, அந்நீர் சேர்த்த மண்ணாலேயே ஊர்தி அமைகிறது.

பிடிமண்

புரவி செய்யும் பணி பல ஊர்களில் ‘பிடிமண்’ கொடுக்கும் சடங்குடன் தொடங்குகிறது. ஊரார் தம் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் வழங்குவர். குயவருள் வேளார் எனப்படுவோர் பல கோவில்களில் பூசாரியாகவும் இருப்பர். அப்பிடிமண்ணைத் தம் களிமண்ணோடு கலந்து அவர் பணியைத் தொடங்குவார். அதனால் புரவி வேளாரின் கைவண்ணமாக மட்டுமன்றி, ஊரின் உடைமையாகவும் ஆகிறது.

தனிக்களிமண் உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும். ஆதலால் அதனுடன் மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவர். மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமியும் வைக்கோலும் சூளையில் எரிந்து, மண்ணினுள் நுண்துளைகளை விட்டுச் செல்கின்றன.

உள்ளே வெற்றிடம்

பேருருவத்தை உறுதியாக்க உள்ளே மண்ணை நிறைக்க வேண்டும் என்று தோன்றலாம். உண்மை இதற்கு மாறானது. திண்ணிய மண்கட்டியின் மேற்பரப்பு விரைவில் உலர்ந்து சுருங்கும். உட்பகுதி ஈரமாகவே இருக்கும். இவ்வேறுபாடே வெடிப்புக்குக் காரணம். ஆகவே புரவியின் உடல் உள்ளீடற்றதாகவும், அதன் சுவர் இயன்றவரை ஒரே தடிப்புடையதாகவும் அமைக்கப்படுகிறது.

இயற்கையும் இவ்வழியையே மேற்கொள்கிறது. மூங்கில் உள்ளே வெறுமையாய் இருந்தும் காற்றைத் தாங்கி நிற்கிறது. பறவையின் எலும்பு உள்ளீடற்றதாய் இருப்பினும் உறுதி குன்றுவதில்லை. கறையான் புற்றோ உள்ளறைகளோடு ஆளுயரத்திற்கும் எழுகிறது. புரவியின் கால்கள் மூங்கிலைப் போன்ற குழல்கள். வயிறு கவிழ்த்த பானையைப் போன்றது. குதிரையின் தசையையும் நரம்பையும் அப்படியே பெயர்க்க வேளார் முயல்வதில்லை. மண் தாங்கும் வடிவங்களைக் கொண்டே குதிரையின் மிடுக்கைப் படைக்கிறார்.

முதலில் நான்கு கால்கள் எழுகின்றன. அவை ஓரளவு இறுகிய பின்னரே உடலை எழுப்ப இயலும். மண்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, உட்புறம் அணைகொடுத்து, வெளிப்புறம் பலகையால் தட்டி இணைப்பர். அடிப்பகுதி மிகுதியாக ஈரமாயிருந்தால் மேலெழும் எடையைத் தாங்காது சரியும். மிகுதியாக உலர்ந்துவிட்டால் புதுமண் அதில் ஒட்டாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தை விரலால் தொட்டே அறிவர்.

நெருப்பின் தேர்வு

உருவம் முடிந்ததும் நிழலில் மெல்ல உலர்த்துவர். ஈரம் எஞ்சிய உருவத்தைச் சுட்டால் அதனுள் இருக்கும் நீர் ஆவியாகி, 1,600 மடங்கிற்கும் மேலாக விரிந்து சுவரைத் தகர்த்துவிடும். எனவே சூளையில் தொடக்கத்தில் இளஞ்சூடே காட்டப்படும். உடலில் விடப்பட்ட துளைகள் ஆவிக்கு வழியாகின்றன. வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியசைக் கடக்கும்போது, களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. நன்கு சுடப்பட்டபின் அம்மண் மழையில் கரைவதில்லை. பல நாள் உழைப்பின் பயன் அந்தச் சில மணி நேரத்தில் முடிவாகிறது.

மீண்டும் மண்

புரவியெடுப்பு விழாவில் புதிய புரவிகள் ஊர்வலமாகக் கோவிலை அடைகின்றன. பழையவற்றைப் பெரும்பாலும் எவரும் பழுது பார்ப்பதில்லை. அவை வெயிலிலும் மழையிலும் சிதைந்து அங்கேயே மண்ணோடு சேர்கின்றன. இச்சிதைவைக் குறையெனக் கருதுதல் பொருந்தாது. பழைய புரவி அழிவதால் புதியது தேவைப்படுகிறது. புதியது தேவைப்படுவதால் தந்தையின் கைத்திறன் மைந்தனுக்கு வந்து சேர்கிறது.

இன்று பல கோவில்களில் சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. அவை நெடுங்காலம் நிலைக்கும். ஆயினும் அழியாத குதிரை நிற்குமிடத்தில் அடுத்த குதிரைக்கு வேலையில்லை. உருவம் நிலைபெறும்போது கலை நின்றுபோகிறது.

மண் கிடைப்பதும் ஒரு சிக்கலாக இருந்து வந்தது. கண்மாய்களிலும் ஏரிகளிலும் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் வட்டாட்சியரின் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்க உழவர்களுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் 2024ஆம் ஆண்டு தமிழக அரசு வழிசெய்தது. மண் இருந்தால் மட்டும் போதாது. புரவியை வேண்டும் ஊரும் இருக்க வேண்டும். ஊர் மீண்டும் ஒரு பிடி மண்ணை நீட்டும் வரையில்தான் வேளாரின் கையில் குதிரை எழும்.

தெரிந்து தெளிவோம்

சீனாவின் சியான் நகருக்கருகில் 1974ஆம் ஆண்டு பேரரசர் சின் சி உவாங்கின் சுடுமண் படை கண்டறியப்பட்டது. அவ்வீரர்களின் உடல்கள் உள்ளீடற்றவை. தலைகள் தனியே செய்து பொருத்தப்பட்டவை. புதுச்சேரியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வு பெற்றார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியிலுள்ள மண்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.
2. ‘அழியும் உருவமே கலையை வாழவைக்கிறது’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.
3. உள்ளீடற்றும் உறுதியுடன் விளங்கும் இயற்கை வடிவங்கள் மூன்றனைக் கண்டறிந்து, அவற்றுள் ஒன்றைக் களிமண்ணில் வடித்துக் காட்டுக.