"இந்தக் கணக்கு யாரு சொன்னது?" ஆய்வுத் தகவலை எடுத்தா ஆதாரம் போடுங்க!



நம்ம "ரப்பரா, எஸ்ஐபி-யா?" வீடியோ பார்த்துட்டு புதுக்கடையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். சென்னையில் ஐடி வேலை.

"அண்ணே, ரப்பர்ல இவ்வளவு வருமானம்னா பெர்சனல் லோன் போட்டு பக்கத்து விளையைப் பாட்டத்துக்கு எடுக்கலாம்னு அப்பாகிட்ட சொன்னேன். 'இந்தக் கணக்கு யாரு சொன்னது? ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா?'ன்னு கேக்காரு. என்ன சொல்லட்டும்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தது. ஆதாரம் போடாமல் அப்படியே ஒட்டிவிட்டேன்.

தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மகசூல் ஒரு ஹெக்டேருக்கு. அதாவது 247 சென்ட். நான் ஏக்கருக்கு என்று பேசியிருந்தேன். வருமானம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிவிட்டது! விலையும் ரப்பர் வாரியம் வெளியிடும் கோட்டயம் சந்தையின் ஆர்எஸ்எஸ் 4 ஷீட் விலை. ஒட்டுப்பாலுக்கு அந்த விலை கிடைக்காது.

ஆதாரம் போடுவது வெறும் மரியாதை இல்லைங்க. பார்க்கிறவர் சரிபார்க்க நாம் திறந்து வைக்கும் கதவு.

இனி என்ன செய்யணும்?

1. அசலுக்குப் போங்க. ஃபார்வர்டு ஆதாரம் ஆகாது. நிறுவனத்தின் அறிக்கையையே திறந்து, அட்டவணைக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையும் படிங்க. அலகும் தரமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

2. முழுசா எழுதுங்க. "நன்றி: கூகுள்" என்று போட்டால் போதாது. நிறுவனம், அறிக்கையின் தலைப்பு, வெளியான தேதி, லிங்க், நீங்க பார்த்த நாள் எல்லாம் வேணும். உதாரணம்: "ஆதாரம்: ரப்பர் வாரியம், கோட்டயம் ஆர்எஸ்எஸ் 4 தினசரி விலை, இந்தத் தேதி."

3. மாத்தினா சொல்லுங்க. ஹெக்டேரை ஏக்கராக்கினால், சராசரி போட்டால், "கணக்கீடு என்னுடையது" என்று சேருங்க. தப்பு வந்தால் பழி அவங்க மேல விழக்கூடாது.

4. பெயர் போட்டா அனுமதி கிடைச்சாச்சுன்னு அர்த்தமில்லை. வெறும் எண்ணுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் வரைபடம், எழுத்து, படம் இவற்றுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். உலக வங்கியின் பெரும்பாலான தரவுகள் "சிசி பை 4.0" உரிமத்தில் வருகின்றன, ஆதாரம் சொன்னால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். உரிமத்தில் "என்சி" என்று இருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. விளம்பர வருமானம் வரும் வீடியோ என்றால் முதலில் அனுமதி கேளுங்க.

5. உங்க கருத்தைத் தனியா வைங்க. அவங்க சொன்னது மகசூல். "லோன் போடு" என்பது நம்ம வாய்.

ஆபீஸ் பிபிடி-க்கும் இதே விதிதான். "இது எங்கே எடுத்தது?" என்று மேனேஜர் கேட்டால் முழிக்க வேண்டாம்.

அந்த வீடியோவைத் திருத்திவிட்டேன். தம்பி லோன் போடலை. ஊர் ரப்பர் கடையில் விலை விசாரித்து, அப்பாவோட உட்கார்ந்து கணக்கு போட்டிருக்கார். அவர் தப்பிச்சது நம்ம வீடியோவால் இல்லை, அப்பா கேட்ட அந்த ஒரு கேள்வியால்.

நீங்களும் கேளுங்க. என்னையும் சேர்த்துத்தான்!