வெயிலில் வேலை: மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்க நமக்கென்ன வெயில் என்று கோவைக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. அந்தக் காற்று சரியாக வீசத் தொடங்குவதே வைகாசி வாக்கில்தான். பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர் பரமத்திப் பக்கம் 40 டிகிரி சர்வசாதாரணம். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலடித்து இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அது யாருக்கும் தேவைப்படாமல் இருக்கத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

• புது ஆளைப் பழக்குங்கள். வெயிலில் சாய்கிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்து சில நாள்தான் ஆனவர்கள். முன்னதாகவே வியர்க்கவும், வியர்வையில் உப்பை அதிகம் விடாமலிருக்கவும் உடம்பு பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுங்கள். நாளுக்கு ஐந்தில் ஒன்றாகக் கூட்டுங்கள். பழைய ஆளானாலும் நோம்பிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் நாள் பாதி வேலைதான். பீகாரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவரை மறுநாளே கம்பி கட்ட மொட்டை மாடிக்கு ஏற்றுவது நம்மூரில் சகஜம். அது தப்பு.

• தண்ணீர் ஆள் நிற்கும் இடத்துக்கு வரட்டும். கீழே கேட்டருகே நீல டிரம், வேலை நடப்பது மூன்றாம் மாடியில். பாண்டு சட்டியை இறக்கி வைத்துவிட்டு யார் இறங்கி வருவார்கள்? வந்தாலும் அந்தத் தண்ணீரில் டீத்தூள் போடலாம், அவ்வளவு சூடு. நிழலில் மண்பானை வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒரு டம்ளர்.

• உப்பும் சேரட்டும்: மோர், கம்மங்கூழ், நீராகாரம். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

• கான்கிரீட் போடும் நாளில் நடுவில் நிறுத்த முடியாது. ஆகவே விடியலிலேயே தொடங்குங்கள். ஆளைக் கூட்டி மாற்றி மாற்றி நிறுத்துங்கள். மற்ற நாளில் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வேண்டாம்.

• ஜோடி சேர்த்து விடுங்கள். புத்தி தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

• “நேத்து சரக்குங்க, அதான் மயக்கம்” என்று ஓரமாகப் படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள். முந்தின இரவு குடித்தவருக்கு வெயில் ஆபத்து இன்னும் அதிகம். அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, கால் பின்னுவது, உடம்பு கொதிப்பது எல்லாம் வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். வியர்வை நின்றால்தான் அபாயம் என்பதும் பொய். உழைத்துக்கொண்டே விழுகிறவருக்கு வியர்த்துக் கொட்டலாம்.

• 108 வரட்டும் என்று சும்மா நிற்காதீர்கள். போன் செய்த கையோடு நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள்.

• நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். இது காய்ச்சல் அல்ல, பாராசிட்டமால் கேட்காது.

• கோடையில் எண்ணிக்கைக் கூலி பேசாதீர்கள். பொள்ளாச்சித் தோப்பில் மரத்துக்கு இவ்வளவு என்று ஏறுகிறவர் தலைசுற்றினாலும் அடுத்த மரத்துக்குப் போவார். அந்த மயக்கம் உச்சியில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

• பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டேனென்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்லாதீர்கள். சித்தாள் அம்மணி காலையிலிருந்து வாய் நனைக்காமல் செங்கல் சுமப்பது, ஒதுங்க இடமில்லாததால். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமே குடிநீரையும் கழிப்பறையையும் சேர்த்தேதான் கேட்டது. பல சைட்டுகளில் முதலாவது மட்டும் இருக்கிறது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொட்டேஷன் பேசும்போதே நிழலுக்குத் தார்ப்பாயும் தற்காலிகக் கழிப்பறையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உங்கள் பழைய வீடு இருந்தால், அதன் கழிப்பறைச் சாவியை முதல் நாளே அந்த அம்மணிகளிடம் கொடுத்துவிடுங்கள்.