பாண்டி பயணமும் சில தப்புக் கணக்குகளும்

“பாண்டிதானே? காலையில் ஈசிஆரில் கிளம்பினால் ராத்திரிக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.” சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தெம்பில்தான் வருகிறார்கள். பாரிஸுக்குப் போகிறவர், லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார். பாண்டிக்கு அந்த மரியாதையை யாரும் தருவதில்லை. கட்டணம் இல்லாத இடம் என்றால் எந்த நேரமும் திறந்திருக்கும் என்று ஒரு நினைப்பு.

நம்பிக்கை: ஆரோவில் போனால் மாத்ரிமந்திருக்குள் நுழைந்துவிடலாம்.

முடியாது. பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கி, மர நிழலில் நடந்துபோனால் கிடைப்பது தூரத்திலிருந்து மாத்ரிமந்திரின் பொன்னுருண்டையைப் பார்க்கிற இடம். அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உள்ளே, 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிக உருண்டை இருக்கும் வெள்ளை அறையில் உட்கார வேண்டுமானால் முன்பதிவு கட்டாயம். செவ்வாய்க்கிழமை உள்ளறைக்கு அனுமதி கிடையாது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் விடுவதில்லை. அது மௌனமாக மனத்தை ஒருமுகப்படுத்த எழுப்பிய இடம். பூசையும் இல்லை, பிரசாதமும் இல்லை. அதனால் இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. இதற்குக் காசு வாங்குவதில்லை. ‘சீட்டு வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று: ஆரோவிலின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கிறது. பீச் ரோட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

நம்பிக்கை: அரிக்கமேட்டில் ரோமானியத் துறைமுகத்தைக் கண்ணால் காணலாம்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இன்று நிற்கும் செங்கல் இடிபாடு 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மிஷன் கட்டடம். அதை ரோமானியச் சுவர் என்று நினைத்துச் செல்ஃபி எடுப்பவர்கள் உண்டு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை மண் மூடிவிட்டது. அங்கே கிடைத்தவற்றைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். மத்தியதரைக்கடலிலிருந்து ஒயின் ஏற்றிவந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள், அரிக்கமேட்டிலேயே செய்த சின்னஞ்சிறு மணிகள்... அந்த மணிகளைக் குனிந்து பார்க்கவே தனியாக நேரம் வேண்டும். இதை முதலில் பார்த்துவிட்டு அரிக்கமேடு போனால் அந்த வெற்று மேடு கொஞ்சம் பேசும்.

நம்பிக்கை: ஒயிட் டவுன் வீடுகள் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தவை.

1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கைக்கு வாங்கிய பிறகு கட்டியதுதான் இன்று காண்பதில் பெரும்பாலானது. டூப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை ஒயிட் டவுனைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மறுபக்கம், தமிழர் பகுதியில் தப்பி நிற்கிறது. ஆனால் அது தனியார் வீடு, கேட்காமல் நுழைய முடியாது. மஞ்சள் சுவர் கண்ட இடமெல்லாம் சாய்ந்து போஸ் கொடுப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன.

மதிய நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அரவிந்தர் ஆசிரமம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத்தான் திறக்கும். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளோடு போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். பக்கத்தில் மணக்குள விநாயகர் கோயிலிலும் மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள். பீச் ரோட்டிலோ மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள்.

கடைசியாக, தேதி. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போல வெள்ளிக்கிழமை என்று நினைத்து வராதீர்கள். அரசு விடுமுறை நாள்களிலும் பூட்டுதான். தமிழ்நாட்டில் இல்லாத இரண்டு விடுமுறைகள் இங்கே உண்டு: 1954-இல் ஆட்சி கைமாறிய நவம்பர் 1, 1962-இல் அது சட்டப்படி உறுதியான ஆகஸ்ட் 16. அதற்கு முந்தைய நாளான ஆகஸ்ட் 15 அரவிந்தரின் பிறந்தநாளும் கூட. அன்று ஆசிரமத்தில் தரிசன வரிசை நீளும். சுதந்திர தின விடுமுறையோடு சேர்த்துப் பாண்டிக்கு வரத் திட்டமிடுகிறவர்கள், கிளம்புவதற்கு முன் புதுச்சேரி அரசின் விடுமுறைப் பட்டியலை ஒருமுறை புரட்டிவிடுங்கள். தமிழ்நாட்டுக் காலண்டர் இங்கே போதாது.