பாம்பும் கிதாரும்

கேள்வி: ‘அவியல்’ ராக் குழுவின் முதல் ஆல்பத்தை இப்போதுதான் முழுதாகக் கேட்டேன். நண்பர்கள் ‘நட நட’தான் சிறந்த பாட்டு என்கிறார்கள். என் மனம் ‘ஆடு பாம்பே’யிலேயே நிற்கிறது. நீங்கள் முதலில் கேட்டபோது எப்படி இருந்தது?
– ஒரு வாசகர், பள்ளுருத்தி, கொச்சி

பதில்: நானும் உங்கள் கட்சிதான். 2008-இல் அந்த ஆல்பம் வந்த புதிதில் என்னை முதலில் இழுத்தது ரெக்ஸ் விஜயனின் கிதார். ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று பலர் நம்பிய காலம். இவர்கள் மலையாளத்தில் பாடினார்கள், அதுவும் தயக்கமே இல்லாமல். எட்டுப் பாட்டும் ஒரே உயரத்தில் இல்லை. சிலவற்றில் தாளமே எல்லாவற்றையும் சுமக்கிறது.

‘ஆடு பாம்பே’ வேறு ரகம். அது கேரளத் துறவி ஸ்ரீநாராயண குரு, குண்டலினியைப் பாம்பாக அழைத்துப் பாடிய ‘குண்டலினிப் பாட்டு’. உங்கள் ஊர் பவானீஸ்வரர் கோயிலில் பிரதிஷ்டை செய்தவரும் அவரே. தமிழ் நன்கறிந்த குரு, நம் பாம்பாட்டிச் சித்தர் பாட்டுக்குப் பாட்டு பாம்பை அழைத்துப் பாடிய அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார். திரும்பத் திரும்ப வரும் அந்த அழைப்பு ராக்குக்கு அப்படிப் பொருந்துகிறது! பாடகர் டோனி ஜான் குரலை உயர்த்தும் இடத்தில் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அடுத்து, உங்கள் கொச்சியின் ‘மதர்ஜேன்’ குழு அதே 2008-இல் தந்த ‘மக்தூப்’ ஆல்பத்தைக் கேளுங்கள். பாடுவது ஆங்கிலம், பைஜு தர்மஜன் கிதாரிலோ கர்நாடக கமகம் கேட்கும்.