பின் மேட்டைப் பாருங்கள்

“நாங்க இருக்கிறது மேட்டில. வெள்ளமெல்லாம் கொழும்புப் பக்கத்துக்குத்தான்.”

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தோட்டங்களில் இப்படிச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அணைகளின் வான்கதவு அறிவிப்பைக் கவனித்தே ஆக வேண்டும். மேட்டு லயங்களுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வருவதில்லை. அது மலைக்குள் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணை ஊறவைத்து, மண்ணையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் மண்சரிவுதான்.

“பாட்டன் காலத்து லயம். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல.”

கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும் பழைய லயங்கள்தான் இருந்தன. அங்கே ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. லயம் அப்படியே இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள சரிவு மாறிக்கொண்டே வருகிறது. மேலே பாதை வெட்டுகிறார்கள், பழைய கான்கள் தூர்ந்துபோகின்றன. ஒரே காம்பராவில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும்போது, பின் மேட்டை வெட்டிக் குசினி இறக்காமல் சனங்கள் என்னதான் செய்வார்கள்? அந்தக் குற்றத்தை அவர்கள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படிச் செங்குத்தாக வெட்டிய இடம்தான் முதலில் சரியும்.

“தேயிலை வேர் மண்ணைப் பிடிச்சுக்கொள்ளும்.”

மேல்மண் அரிக்காமல் பிடிக்கும், உண்மை. பெரிய சரிவு வேருக்கும் கீழே வழுக்குகிறது. வெட்டுத்துண்டில் வளர்த்த வீ.பி. தேயிலைக்கு ஆணிவேரும் கிடையாது.

“பின்னால கொங்கிரீட் சுவர் ஒண்ணு எழுப்பினாப் போதும்.”

நிறையப் பணம் வீணாவது இங்கேதான். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால், அதன் அழுத்தமே சுவரை வீட்டுக்குள் தள்ளிவிடும். சுவரில் இடைவெளி விட்டுக் குழாய்த் துண்டுகள் வைக்க வேண்டும், பின்புறம் கல்லும் சல்லியும் நிரப்ப வேண்டும். அந்தக் குழாய்களை அடைக்கக் கூடாது. மழை நாளில் அவற்றை ஒருமுறை பாருங்கள். தெளிவாக வந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, வந்துகொண்டிருந்தது நின்றாலோ, மேடு அசையத் தொடங்கியிருக்கலாம். புதிதாக ஊற்றெடுப்பது, தரை வெடிப்பது, மரமோ மின்கம்பமோ சாய்வது, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுவது எல்லாமே அந்த வகைதான்.

சுவர் எழுப்பும் முன்பே பார்க்க வேண்டியது கான். மழைக்கு முன்பே வீட்டுக்கு மேலுள்ள கானில் அடைந்திருக்கும் மண்ணையும் சருகையும் வாரி வெளியே போடுங்கள். தகரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பீலி வைத்துக் கானில் சேருங்கள். கீழ் லயத்தின் மேட்டில் விடாதீர்கள். மேட்டில் வெடிப்பு இருந்தால் வெயில் நாளிலேயே களிமண் இட்டு இறுக்குங்கள். மலைக்கான்களை வெட்ட ஆள் போடுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதைத் தலைவர்மார் பிரட்டுக் களத்திலேயே கேட்க வேண்டும்.

“மழை விட்டாச்சு, இனிப் பயமில்ல.”

ஊறிய மலை, மழை விட்ட பிறகும் சரியும். மண் ஊறியதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, மழையை அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான பால்மா டின்னைக் கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்தால் போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தும் மழை விடவில்லையென்றால் விழித்திருங்கள். 100 தாண்டினால் புறப்படத் தயாராகுங்கள். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுவதும் இந்த அளவுகளை வைத்துத்தான். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அறிகுறி ஒன்று கண்டாலே, அளவு எட்டாவிட்டாலும் கிளம்புங்கள்.

அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றை ஒரே பையில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் 117க்கும் சொல்லுங்கள். ஓடும்போது ஓடை வழியே கீழே இறங்காதீர்கள், மண் வருவதும் அந்த வழியாகத்தான். சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் போங்கள்.