மூன்று வாரக் கணக்கு

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் அடுத்த கீமோவைத் தீபாவளி கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாக எழுதியிருந்தாய். கம்போங் குவாந்தானிலிருந்து புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போய்வருவதே பெரிய அலைச்சல். அதோடு குமட்டலும் சோர்வும் வேறு. பெரியவர்கள் பாசத்தால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே டாக்டர் வைத்த மூன்று வாரக் கணக்கை நாமாக நீட்டக்கூடாது. ஊசி ஏறும் நாளைப் போலவே இடைப்பட்ட நாட்களும் சிகிச்சைதான்.

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உண்டாக்கும் உயிரணுக்களும் அப்படிப் பெருகுபவைதாம். அதனால் பல சிகிச்சைகளில் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கி, மூன்றாம் வாரத்தில் மீள்கின்றன. (வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதே, தஞ்சோங் காராங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோ.) இப்படி மீள உடம்புக்கு அவகாசம் வேண்டும் என்பதாலேயே மருந்து முழுவதையும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. அப்படியானால் ஐந்து வாரம் விட்டால் உடம்பு இன்னும் நன்றாகத் தேறாதா என்று கேட்பாய். தேறும், புற்றணுக்களும் தேறும். ஒவ்வொரு தவணை மருந்தும் புற்றணுக்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையை அல்ல, குறிப்பிட்ட விகிதத்தையே கொல்கிறது என்று அமெரிக்காவின் ஹோவர்ட் ஸ்கிப்பர் 1964இல் எலிகளின் இரத்தப் புற்றில் காட்டினார். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் ஒரு பில்லியன் உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிடுவார்கள். அதில் 99.9 விழுக்காடு அழிந்தாலும் ஒரு மில்லியன் எஞ்சும். கைக்கும் ஸ்கேனுக்கும் அகப்படாத அந்த மிச்சத்துக்காகவே, கட்டி கரைந்த பிறகும் சுற்றுகள் தொடர்கின்றன.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? இத்தாலியின் ஜியான்னி பொனடோனா, மார்பகப் புற்று அறுவைக்குப் பின் கீமோ பெற்ற பெண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995இல் முடிவை வெளியிட்டார். திட்டமிட்ட மருந்தில் 85 விழுக்காடாவது பெற்றவர்களுக்கே நல்ல பலன். 65க்கும் குறைவாகப் பெற்றவர்கள் கீமோவே பெறாதவர்களைப் போலத்தான் இருந்தார்கள். உடல் நலிந்தவர்கள்தாமே குறைவாகப் பெற்றிருப்பார்கள் என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு பதில் தருகிறது. நிணநீர் முடிச்சுவரை பரவிய மார்பகப் புற்றுக்கு, அதே மருந்துகளை அதே அளவில் சிலருக்கு 3 வாரத்துக்கொரு முறையும் சிலருக்கு 2 வாரத்துக்கொரு முறையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஊசியின் துணையோடு இரண்டு வாரத்துக்கொரு முறை பெற்றவர்களிடையே நோய் திரும்புவதும் இறப்பும் குறைந்தன. அம்மாவுக்கும் நாளைக் குறைக்கச் சொல் என்பதல்ல என் பேச்சு. அது எல்லாப் புற்றுக்கும் பொருந்தாது. இடைவெளி மாறினால் பலனும் மாறலாம் என்பதையே கவனி.

டாக்டரே சில வேளை தள்ளிப்போடுகிறாரே என்றும் எழுதியிருந்தாய். அவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தள்ளுகிறார். வெள்ளையணு மீளாமல் மருந்து ஏற்றினால் கிருமித்தொற்று உயிரையே பறிக்கலாம். நாம் நாட்காட்டியைப் பார்த்துத் தள்ளுகிறோம். நோயைக் குணமாக்க அன்றி, வலியையும் வேதனையையும் தணிக்கக் கொடுக்கும் கீமோவில் நாட்களைச் சற்றுத் தளர்த்த இடமுண்டு. அம்மாவுக்கு எது என்று முதலில் கேள். தீபாவளித் தேதியையும் கிளினிக்கில் இப்போதே சொல்லிவிடு. ஓரிரு நாள் நகர்த்த முடியுமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

அன்புடன்,
அண்ணன்