உடன்கற்றோன் உரைக்கும் பாயிரம்

புலவர்களைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் கதைகளுள், பிழை கண்டோர் கதைகளே பெரிதும் அச்சந் தருவன. பிழைபடப் பாடினார் தலையிற் பிள்ளைப்பாண்டியன் குட்டினான் என்பர். வில்லிபுத்தூரார் வாதில் தோற்றார் செவியை அறுத்தார் என்பர். ஒட்டக்கூத்தரோ தலையையே கொய்தார் என்பர். இவை வரலாறு அல்ல, செவிவழிக் கதைகளே. ஆயினும், முதன்முதலாக ஒரு செய்யுளை இயற்றி, அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தோழனிடம் காட்டலாமா, வேண்டாவா என்று தயங்கும் மாணவன் நெஞ்சில் இக்கதைகள் யாவும் உயிர்பெற்று நிற்கின்றன. நம் இலக்கண நூலாரோ உடன்கற்றோனுக்கு வேறோர் இடம் அளித்துள்ளனர். அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பவணந்தி முனிவர், நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று நன்னூற் பாயிரத்துள் விலக்குகின்றார். அங்ஙனமாயின், அந்நூலின் சிறப்பை உலகிற்கு எடுத்துரைப்பார் யாவர்? அவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றோன், அவனுடைய மாணாக்கன், தக்க உரை வகுத்தோன் என நால்வரை அவர் குறிக்கின்றார். தோழனது நூலுக்குப் பாயிரம் உரைத்தல் உடன்கற்றோனுக்கு உரிய கடமை என்பது இதனால் விளங்கும். அம்முனிவரே, ஆசிரியன் கூறியதை நன்கு கொண்டாலும் காற்பங்கு புலமையே வாய்க்கும் என்றும், உடன் பயில்வாரோடு உரையாடுதலால் மற்றொரு கால் நிரம்பும் என்றும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரையும் நிறையும் என்றும் கணக்கிட்டுரைக்கின்றார்.

இதற்குத் தொல்காப்பியமே சான்று. அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது உரையாசிரியர் கொள்கை. அப்பாயிரம் வெறும் புகழுரை அன்று. தமிழ் வழங்கும் எல்லை யாது, ஆசிரியர் எவற்றை ஆராய்ந்து நூல் செய்தார், எந்தப் பாண்டியன் அவையில், எவர் கேட்க அதனை அரங்கேற்றினார் என்பவற்றை முறையே அது கூறுகின்றது. தோழன் செய்தது இன்னது என்று தெளிய அறிந்து உரைக்கும் பாராட்டே பாராட்டாகும். "நன்று, நன்று" என்று ஏட்டைத் திருப்பிக் கொடுத்தல் படியாமலே கொடுத்தலை ஒக்கும்.

இனி, தோழன் காட்டிய செய்யுளையோ சிறுகதையையோ படிக்கும் முறை யாது? நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் வகுத்துள்ளார். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசையுடைமை முதலியன அழகுகள். குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் முதலியன குற்றங்கள். முதலில் அழகுகளுள் எது இப்பாட்டில் வாய்த்துள்ளது என்று தேடி, அது வாய்த்த அடியைச் சுட்டிக்காட்டுக. பின்னர், குற்றங்களுள் திருத்தத்தக்க ஒன்றை மட்டும் தனியிடத்திற் சொல்லுக. பலரறியச் சொல்லும் குற்றம் பாட்டை விடுத்துப் பாடியவனைத் தைக்கும். குற்றத்தை அறவே மறைத்தலும் நட்பாகாது. நகுதற்பொருட்டு அன்று, வழி தவறுங்கால் இடித்துரைத்தற்பொருட்டே நட்பு என்று வள்ளுவரும் கூறினார். யான் அறிந்த ஒரு மாணவர், தம் முதற் செய்யுளைப் பலர் நடுவில் ஒருவர் நகையாடியமையால், அதன்பின் எழுதுகோலையே தொட்டிலர். அச்செய்யுளில் தளை தட்டியது இரண்டே இடங்களில்! அவற்றைத் திருத்தக் கால் நாழிகை போதியது.

ஊக்கமொழி யாது செய்யவல்லது என்பதற்கு எங்கள் புதுவை மண்ணே சான்று பகரும். 1908 இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். அவரினும் எட்டாண்டு இளையவர் கனக சுப்புரத்தினம். ஒருநாள் நண்பர்கள் முன்னிலையில் பாடலொன்று புனையுமாறு பாரதியார் அவரைக் கேட்டார், அவரும் பாடினார். பாரதியார் அப்பாடலைப் புகழ்ந்ததோடு அமையாது, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் இயற்றியது என்று குறித்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். அந்த ஒருவரிக் குறிப்பு எத்துணைப் பெரியதொரு பாயிரம்! அவ்விளைஞரே பின்னர்ப் பாரதிதாசன் ஆயினார். 1935 இல் தம் ஆசானின் பெயரால் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம் என்னும் கவிதை இதழையும் நடத்தினார்.

பெற்ற ஊக்கத்தை அவர் தம்மளவில் வைத்துக்கொள்ளவில்லை. எம்மூராகிய தவளக்குப்பத்திற்கு அணித்தேயுள்ள வில்லியனூரில் 1915 இல் பிறந்த வாணிதாசன், இளமையில் அவரிடம் பயின்றவர்; பின்னர்ப் பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்து, தமிழச்சி, கொடிமுல்லை முதலிய காவியங்களைத் தந்தவர். இராசகோபாலன் என்னும் இளைஞரோ சுப்புரத்தினதாசன் என்று பெயர் பூண்டு, அதனைச் சுருக்கிச் சுரதா ஆயினார். 1947 இல் தோன்றிய பொன்னி இதழ், பாரதிதாசன் பரம்பரை என்னும் தலைப்பில் இளங்கவிஞர் பலரை அறிமுகஞ் செய்தது. ஒரு பாட்டுக்குக் கிடைத்த ஒரு நல்லுரை, ஒரு தலைமுறைக்குள் இத்துணைக் கிளைகளாய்ப் படர்ந்தது.

நம்முள் எவரும் பாரதியார் அல்லர். ஆயினும், உடன்கற்றோர் யாவரும் ஆவோம். அந்த உரிமைக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. ஊன்றிப் படிக்கும் பொறுமையும் உண்மை கூறும் அன்பும் போதியன. ஆதலின் மாணவ நண்பர்காள், விடுதியில் அடுத்த அறைத் தோழன் தன் ஏட்டைத் தயங்கி நீட்டும்போது, மறுக்காது வாங்குக, இருமுறை படிக்க, அதில் வாய்த்த அழகொன்றை அவனுக்குச் சொல்லுக. அவன் நூலுக்கு முதற் பாயிரம் நும் வாய்மொழியாகவே அமையட்டும்.